வைசாகி: கோதுமை விளைந்த நாளும் ஆண்டு பிறக்கும் நாளும்

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைசாகிப் பண்டிகை ஏப்ரல் 13 அல்லது 14ஆம் தேதி கொண்டாடப்படுகிறது. நமக்குச் சித்திரை முதல் நாளும் ஏறத்தாழ அதுவே. நவம்பரில் விதைத்த கோதுமை ஐந்து மாதம் வயலில் நின்று, பனியையும் துருநோயையும் ஆலங்கட்டி மழையையும் தாண்டி, மணி முற்றி நிற்கும் நேரம் அது. ஆண்டுச் செலவு, கடன், பெண்ணின் கல்யாணம் எல்லாமே அந்த மணியை நம்பி இருக்கின்றன. எனவே வைசாகியைச் சமயப் பண்டிகை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கோதுமை விவசாயியின் கணக்கு முடியும் நாள் என்றும் அதைச் சொல்லலாம்.

பெயர் வேறு, நாள் ஒன்று

வைசாகி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் வைகாசியை நினைப்பது இயல்பு. நாம் சித்திரை என்று அழைக்கும் மாதத்தைத்தான் பஞ்சாபியர் வைசாக் என்கிறார்கள். சூரியன் மேஷ ராசியில் நுழையும் நாளில் இரு இடத்திலும் மாதம் பிறக்கிறது. மாதத்தின் பெயர் மட்டும் ஒன்று முன்பின்னாக இருக்கிறது.

யுகாதி அமாவாசையை ஒட்டி வருவதால் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று வாரம் முன்பின் போகும். வைசாகியும் நம் புத்தாண்டும் சூரியனை ஒட்டியவை. ஆகவே ஆங்கிலத் தேதியில் ஒரு நாளுக்கு மேல் மாறுவதில்லை. கேரளத்தின் விஷு, வங்காளத்தின் புத்தாண்டு, அஸ்ஸாமின் பிஹு ஆகியவையும் இதே நாளை ஒட்டி வருபவையே. பயிர்த் தொழில் செய்பவர்களுக்குச் சூரியக் கணக்கு வசதியானது. பருவம் சூரியனால் ஆவதேயன்றி நிலவினால் ஆவதில்லை.

ஆனால் அதே நாளில் நிலத்தில் நடக்கும் வேலை இடத்துக்கு இடம் மாறுகிறது. பஞ்சாபில் அரிவாள் இறங்குகிறது. நம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுகிறார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, ஏருக்கும் கலப்பைக்கும் பூசை செய்து, ஊரார் ஒன்றாகச் சேர்ந்து முதல் உழவு உழுகிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் இதை நல்லேர் பூட்டுதல் என்பார்கள். அங்கே ஒரு பயிராண்டு முடிகிறது. இங்கே ஒன்று தொடங்குகிறது. மாடுகள் குறைந்த ஊர்களில் இப்போது டிராக்டருக்கு மாலை போட்டு நல்லேர் பூட்டுவதும் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை. பூசையோடு நின்றுவிடாமல், அடுத்து வரும் கோடை மழையில் மானாவாரி நிலத்தைச் சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட்டால், மழை நீர் மண்ணுக்குள் இறங்கும். கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் காய்ந்து சாகும்.

நீராடலும் நீர்த் தானமும்

வட இந்தியாவில் இந்துக்கள் வைசாகியன்று ஆற்றில் நீராடுவதைப் புண்ணியமாகக் கருதுகிறார்கள். ஹரித்வாரில் கங்கைக் கரை நிரம்பி வழியும். அங்கு 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் கும்பமேளாவின் முக்கிய நீராடல்களில் ஒன்றும் மேஷ சங்கராந்தி நாளில்தான் வருகிறது. புதுப் பானையில் நீர் நிரப்பித் தானம் கொடுப்பதும், விசிறி கொடுப்பதும் வழக்கம். வரப்போவது கடும் வெயில் காலம் என்பதால் இத்தானங்களின் பொருள் விளங்கும்.

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் இந்நாளில் ‘சத்து’ உண்கிறார்கள். கடலையையோ பார்லியையோ வறுத்து அரைத்த மாவே சத்து. கடலை, பார்லி இரண்டும் கோதுமையுடன் பனிக்காலத்தில் வளர்ந்து அப்போதுதான் களத்துக்கு வந்தவை. நாம் தைப் பொங்கலில் புத்தரிசியை உலையிலிடுவது போன்றதே இது. அறுவடை நாள் எங்கு வருகிறதோ அங்குப் புதிய தானியம் முதலில் சாமிக்குப் போகிறது.

சீக்கியர்களின் வைசாகி

சீக்கியர்களின் மூன்றாவது குருவான அமர்தாஸ், 16ஆம் நூற்றாண்டில், வைசாகியன்று தம்மைப் பின்பற்றுவோர் அனைவரும் கோயிந்தவாலில் ஒன்றுகூட வேண்டும் என்று ஏற்படுத்தினார். ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த விவசாயிகளும் கைவினைஞர்களும் வணிகர்களும் ஆண்டில் ஓரிரு முறையாவது ஓரிடத்தில் அமர்ந்து, சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண அது வழி செய்தது. ‘லங்கர்’ எனப்படும் அந்தப் பொதுச் சமையல் இன்றும் குருத்துவாராக்களில் தொடர்கிறது. அறுவடை முடிந்ததும் பல ஊர்களிலிருந்து டிராக்டர் டிரெய்லர்களில் கோதுமை மூட்டைகள் லங்கருக்குப் போய்ச் சேருகின்றன.

1699ஆம் ஆண்டு வைசாகியன்று பத்தாவது குருவான கோவிந்த் சிங் ஆனந்தபூரில் பெருங்கூட்டத்தைக் கூட்டினார். வாளை ஏந்தி நின்று, தலையைக் கொடுக்க வல்லவர் யார் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். ஒருவர் லாகூர்க்காரர். ஒருவர் ஹஸ்தினாபுரம் பகுதியைச் சேர்ந்த உழவர் குலத்தவர். மற்ற மூவர் ஜகந்நாதபுரி, துவாரகை, பீதர் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. பீதர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. இரும்புக் கிண்ணத்து நீரில் சர்க்கரை மிட்டாய் இட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி, அந்த ஐவருக்கும் அளித்தார். பிறகு அவர்கள் கையால் தாமும் அதைப் பெற்றுக்கொண்டார். குருவே சீடர்களிடம் கையேந்திய அந்நிகழ்ச்சியில் ‘கால்சா’ என்னும் அமைப்பு பிறந்தது.

அதனால் வைசாகியன்று குருத்துவாராக் கொடிமரத்தைக் கழுவிப் புதிய துணி சுற்றுகிறார்கள். நகர ஊர்வலம் நடக்கிறது. ஆனந்தபூரிலும், பட்டிண்டா மாவட்டத்தில் தல்வண்டி சாபோ என்ற ஊரிலும் பெரிய திருவிழாக்கள் கூடுகின்றன. பாகிஸ்தானிலுள்ள பஞ்சா சாகிபுக்கும் இந்திய யாத்ரீகர்கள் செல்வது வழக்கம். வைசாகியைச் சீக்கியப் புத்தாண்டு என்று பலர் எழுதுகிறார்கள். சீக்கியரின் நானக்‌ஷாஹி நாள்காட்டியில் ஆண்டு பிறப்பது ஒரு மாதம் முன்னதாக, சேத் மாதம் முதல் நாளில்தான். இருந்தும் மக்கள் மனத்தில் ஆண்டின் பெரிய நாளாக இருப்பது வைசாகியே.

அந்நாளுக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் கூடியிருந்தவர்களில் பலர் வைசாகிக்காகப் பொற்கோயிலுக்கும் மாட்டுச் சந்தைக்கும் வந்த சுற்று வட்டாரக் கிராமத்தார். ஊரில் கூட்டம் கூடத் தடை இருந்தது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஜெனரல் டயரின் ஆணைப்படி 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். உண்மையில் அதற்கு மேலும் இறந்தனர் என்பதே பொதுக் கருத்து. அறுவடைப் பணம் கையில் வரும் முன்பே பல வீடுகளில் விளக்கு அணைந்தது.

பல்லில் கடித்துப் பார்க்கும் பயிர்

கோதுமை குளிரில் வளர்ந்து வெயிலில் முற்றும் பயிர். பஞ்சாபில் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடுவரை விதைப்பது ஏற்றது. விதைத்த 21 முதல் 25 நாட்களுக்குள் முதல் தண்ணீர் கட்ட வேண்டும். அந்நேரம்தான் மேல் வேர்கள் இறங்கித் தூர் கட்டும். இந்தத் தண்ணீர் தவறினால் பின்னால் எத்தனை தண்ணீர் கட்டினாலும் ஈடாகாது. பிப்ரவரியில் கதிர் வெளிவந்து, மார்ச்சு மாதம் பால் பிடித்து மணி கட்டுகிறது. அச்சமயம் குளிர் மெல்ல மெல்ல விலக வேண்டும். திடீரென வெப்பம் ஏறினால் மணிக்கு மாவு சேரும் நாட்கள் குறைந்து, மணி சுருங்கிவிடும்.

2022இல் நடந்தது அதுதான். 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவுக்கு மிக வெப்பமான மார்ச்சு மாதம் அவ்வாண்டுதான் வந்தது. பல வயல்கள் வைசாகிக்கு முன்பே வெளுத்துவிட்டன. பார்வைக்குப் பயிர் குறைவில்லாமல் இருந்தது. அறுத்து நிறுத்தபோதுதான் நட்டம் தெரிந்தது. பிப்ரவரியில் நாட்டின் கோதுமை உற்பத்தி 11.1 கோடி டன் என்று மதிப்பிட்ட மத்திய அரசு, மே மாதம் அதை 10.6 கோடி டன்னாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சுருங்கிய மணி 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குவதில்லை என்ற விதியைத் தளர்த்தி, பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் 18 சதவீதம் வரை வாங்க அனுமதித்தது. அந்தத் தளர்வு இல்லாவிட்டால் சிறு விவசாயிகளின் சரக்கு மண்டி வாசலிலேயே திரும்பியிருக்கும்.

பருவத்தில் விதைத்தவர்களுக்கு இத்தகைய ஆண்டில் சேதம் குறைவு. பருத்தியோ பாசுமதி நெல்லோ தாமதமாக அறுத்து, டிசம்பரில் கோதுமை விதைத்தவர்களின் பயிர்தான் இளம் மணியாக இருக்கும்போது வெயிலில் மாட்டிக்கொள்ளும். வைசாகி மகிழ்ச்சியாக இருக்குமா என்பது பெரும்பாலும் நவம்பரிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பண்டிகை நாளுக்காகப் பயிர் முற்றுவதில்லை என்பதைப் பஞ்சாப் விவசாயி நன்கு அறிவார். நாலைந்து கதிர்களைக் கையில் கசக்கி, மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். சடக்கென்று உடைந்தால் அறுக்கலாம். நசுங்கினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பண்டிகையன்று சில வயலில் பேருக்கு ஒரு பிடி அறுத்துச் சாமிக்கு வைத்துவிட்டு, உண்மையான அறுவடையை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்வதும் உண்டு.

அரிவாளிலிருந்து இயந்திரம் வரை

முன்பு அறுவடைக்கு ஊரார் ஒருவருக்கொருவர் மாற்றாள் போல் வந்து நிற்பார்கள். மேளக்காரர் வரப்பில் நின்று அடிக்க, வரிசையாக அறுப்பவர்கள் போட்டி போட்டு முன்னேறுவார்கள். இன்று மேடைகளில் ஆடப்படும் பாங்ரா ஆட்டத்தின் வேர் இத்தகைய அறுவடைக் களிப்பில்தான் இருக்கிறது. தச்சரும் கொல்லரும் ஆண்டு முழுதும் செய்த வேலைக்குக் களத்திலேயே கோதுமை அளந்து கொடுக்கப்பட்டது. நம் ஊர்க் களத்துமேட்டில் நெல் அளந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

அறுத்த கட்டுகளை மாடு விட்டு மிதிக்க வைத்துத் தூற்றி எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. குறுகிய உயரமுள்ள புதிய ரகங்கள் 1960களின் பிற்பகுதியில் பரவியதும் விளைச்சல் பெருகியது. மாடுகளால் மிதித்து முடியவில்லை. கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்தன. இரவும் பகலும் தூக்கமின்றி அவற்றில் கட்டுகளைத் தள்ளியவர்களில் பலர் கையை இழந்தார்கள். இதைத் தடுக்கவே 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கட்டு தள்ளும் வாய், கை உள்ளே போகாத நீளத்தில் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இன்றும் பொருந்தும். சோளமோ கம்போ அடிக்க வாடகைக்கு இயந்திரம் பிடிக்கும் நம்மவர்களும் அந்த வாயை முதலில் பார்த்துவிட்டே வேலை தொடங்க வேண்டும். தளர்ந்த துண்டும் முழுக்கைச் சட்டையும் அருகே ஆகாது.

இப்போது பெரும்பாலான வயல்களில் கம்பைன் இயந்திரம் அறுத்து, அடித்து, மணியைத் தனியாகக் கொட்டிவிடுகிறது. சிறு நிலக்காரருக்கு வாடகை இயந்திரத்தின் முறை வரும்வரை காத்திருப்பதே பெரும் கவலை. அந்த நாலு நாளில் காற்றுடன் மழை வந்தால் பயிர் சாய்ந்துவிடும். மின்கம்பி உரசிப் பொறி பறந்தால் காய்ந்த கோதுமை பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும். ஏப்ரலில் பஞ்சாபில் தீ விபத்துகள் மிகுதி. அனுபவசாலிகள் மின்மாற்றியைச் சுற்றியுள்ள பயிரை முதலில் கையால் அறுத்து அப்புறப்படுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்றைத் தயாராக வைக்கிறார்கள். இரவு அறுவடையில் பனி ஈரம் ஏறும் என்பதால் இரவில் கம்பைன் ஓட்ட மாவட்ட நிர்வாகங்கள் தடை விதிப்பதும் வழக்கம்.

மண்டியில்

பஞ்சாபில் அரசுக் கொள்முதல் ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கும். வைசாகி வாரத்தில் மண்டிகளில் கோதுமை மலை போல் குவியும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருந்தால் முழு விலை கிடைக்கும். 14 சதவீதம் வரை விலையில் பிடித்தம் செய்து வாங்குகிறார்கள். அதற்கு மேல் போனால் காயவைத்து மீண்டும் வர வேண்டும். 2025-26 கொள்முதல் பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு ரூ.2,425. ‘ஆர்த்தியா’ என்னும் கமிஷன் மண்டிக்காரர் மூலம் சரக்கு போகிறது. விதைக்கும் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் கடன் கொடுத்தவரும் பல இடங்களில் அவரே. முன்பு பணமும் அவர் கை வழியாக வந்தது. 2021 முதல் விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்தப்படுகிறது. நம் நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதக் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நாள் நகர்கிறது

வைசாகி எப்போதும் ஏப்ரல் 13, 14இல்தான் வந்தது என்று எண்ண வேண்டாம். கால்சா பிறந்த 1699இல் அது இன்றைய காலண்டர் கணக்கில் ஏப்ரல் 8 வாக்கில் வந்தது. ஜாலியன்வாலாபாக் நிகழ்ந்த 1919இல் ஏப்ரல் 13. கால்சாவின் 300ஆம் ஆண்டு விழா நடந்த 1999இல் ஏப்ரல் 14.

காரணம் இதுதான். நம் பஞ்சாங்கங்கள் சூரியன் விண்மீன்களிடையே ஒரு சுற்று முடிக்கும் காலத்தை ஓர் ஆண்டாகக் கொள்கின்றன. வெயில், மழை, பனி என்னும் பருவங்களின் சுற்று அதைவிட இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் குறைவு. இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து 60, 70 ஆண்டுகளில் ஒரு நாளாகிறது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச்சு 20, 21இல் வருகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் மேஷப் பிறப்பும் அதை ஒட்டியே இருந்தது. இன்று மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது.

இதைச் சரிசெய்ய, கனடாவில் வாழ்ந்த பொறியாளர் பால் சிங் புரேவால் பருவ ஆண்டை ஒட்டி நானக்‌ஷாஹி நாள்காட்டியை வகுத்தார். 2003இல் அது நடைமுறைக்கு வந்தபோது வைசாகி ஏப்ரல் 14 என்று நிலைநிறுத்தப்பட்டது. 2010இல் செய்த திருத்தங்களால் பழைய கணக்கு பெரும்பாலும் திரும்பியது. சீக்கியரிடையே அதுபற்றிய வாதம் ஓயவில்லை. பண்டிகைக்கு எக்கணக்கை வைத்துக்கொள்வது என்பதை அவரவர் மரபுக்கு விட்டுவிடலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் பஞ்சாங்க நாளைவிட மண்ணின் ஈரத்தையும் வெப்பநிலையையும் நம்புவதே விவேகம். பருவத்தைவிட்டுப் பண்டிகை ஒரு பக்கம் மெல்ல நகர, வெப்பம் ஏறுவதால் பயிர் மறுபக்கம் முந்திக்கொண்டு வருகிறது.

அறுவடைக்குப் பின்

கோதுமைத் தாள் கால்நடைகளுக்கு நல்ல தீவனம். கம்பைன் விட்டுச்சென்ற தாளை இன்னொரு இயந்திரத்தால் அறுத்துப் பொடியாக்கிச் சேமிக்கிறார்கள். எனவே நெல் தாள் எரிப்பதைப் போல இதை அவ்வளவாக எரிப்பதில்லை. மிஞ்சிய அடித்தாளுக்கு மட்டும் சிலர் தீ வைக்கிறார்கள். அதனால் மேல் மண்ணின் அங்ககச் சத்து வீணாகிறது.

அடுத்து நெல். நிலத்தடி நீர் வேகமாக இறங்குவதால், நாற்றை மே 10க்கு முன் விடக்கூடாது, ஜூன் 10க்கு முன் நடக்கூடாது என்று பஞ்சாப் அரசு 2009இல் சட்டம் செய்தது. பின்னர் தேதிகள் சில முறை மாற்றப்பட்டன. இதனால் வைசாகிக்கும் நடவுக்கும் இடையே நிலம் ஏறக்குறைய இரண்டு மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் 60, 65 நாளில் முடியும் பாசிப்பயறு பொருந்துகிறது. எஸ்.எம்.எல். 668 போன்ற ரகத்தை ஏக்கருக்கு 15 கிலோ விதைக்கிறார்கள். ரைசோபியம் கலந்து விதைத்தால் வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும். காய் பறித்தபின் செடியை மடக்கி உழுதால் நெல்லுக்குத் தழைச்சத்து மிச்சம். நெல் தரிசில் உளுந்து தெளிக்கும் நம் டெல்டா விவசாயிக்கு இம்முறை புதிதல்ல. ஒரே நிபந்தனை: ஏப்ரல் 20க்குள் விதைத்துவிட வேண்டும். தாமதித்தால் காய் முதிரும் வேளையில் முன்மழை பிடித்துக்கொள்ளும். வைசாகி முடிந்து கையில் இருப்பது ஆறே நாள். அதற்குள் கோதுமை மண்டிக்குப் போக வேண்டும், தாள் அகல வேண்டும், ஒரு தண்ணீர் கட்டி ஈரம் பார்த்து விதை இறங்க வேண்டும்.